பென்சிலை முஷ்டியால் பிடிக்கும் பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. நன்றாகக் கதை சொல்கிறான். ஆனால் பென்சிலை முஷ்டியால் பிடித்து, இரண்டு வரி எழுதுவதற்குள் கை வலிக்கிறது என்று அழுகிறான். சட்டைப் பொத்தானும் போட வரவில்லை. ஆக்குபேஷனல் தெரபிக்கு (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) அழைத்துச் செல்லலாம் என்கிறார் ஆசிரியை. 'போகப் போகச் சரியாகிவிடும்' என்கிறார் என் கணவர். என்ன செய்வது?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: உங்கள் மகனுக்குச் செய்ய வரவில்லையா, செய்து பழக வாய்ப்பே அமையவில்லையா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். அப்பத்தா ஊட்டிவிட, ஆயா பொத்தான் போட்டுவிட, பிள்ளையின் விரல்களுக்கு வேலையே இல்லாமல் போவது நம் வீடுகளில் உண்டு. ஆகவே மூன்று வாரங்களுக்குக் காலையில் பத்து நிமிடம் முன்னதாக எழுப்பி, அவனே சட்டை போட்டுக்கொள்ள விடுங்கள். தேன்குழல் மாவைப் பிசையவும், கொட்டான் முடையும் ஓலையைக் கோக்கவும் கொடுங்கள்.

அருகில் அமர்ந்து கவனியுங்கள். ஒரு கை பொத்தானைத் தள்ளும்போது மறு கை துணியைப் பிடித்துக்கொடுக்கிறதா, சும்மா தொங்குகிறதா? எழுதும்போது தோள் காதை நோக்கி ஏறி, தலை நோட்டின்மேல் சாய்கிறதா? முதுகும் தோளும் தளர்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் பென்சிலை இறுக்கிப் பிடித்துத்தான் ஈடுகட்டுகிறார்கள். அவர்களைக் கையெழுத்துக்காகத் திட்டுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஓடியாடுகிறவன் மணலில் கால் பட்டதும் அலறுகிறானா, மேளச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறானா என்பதையும் குறித்து வையுங்கள். எப்போதாவது நேர்ந்தால் விட்டுவிடலாம். உண்பது, உடுத்துவது, விளையாடுவது போன்ற அன்றாட வேலைகளையே தடுத்தால் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

உங்கள் கணவர் சொல்வது 3 வயதுப் பிள்ளைக்குப் பொருந்தும். அந்த வயதில் முஷ்டிப் பிடி இயல்பானது. 6 வயதில், மூன்று வாரப் பழக்கத்துக்குப் பிறகும் வலியும் அழுகையும் தொடர்ந்தால் மேலும் காத்திருக்க வேண்டாம். முன்பு செய்த ஒன்றை இப்போது செய்ய முடியாமல் போயிருந்தாலோ, ஒரு கையை மட்டும் பயன்படுத்தாமல் ஒதுக்கினாலோ, அந்த மூன்று வாரமும் தேவையில்லை. உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டி, கண்பார்வையையும் கேட்கும் திறனையும் சோதித்துவிடுங்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் (பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து உதவும் அரசு மையங்கள்) இலவசமாகச் சேவை அளிக்கப்படுகிறது. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். தனியாரிடம் செல்வதானால், ஆக்குபேஷனல் தெரபியிலேயே பட்டம் பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். நீங்கள் எழுதிவைத்த குறிப்பையும் அவனுடைய பள்ளி நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். முதல் நாள் பெரும்பாலும் விளையாட்டுப் போலவே கழியும். ஊசி கிடையாது என்பதை அவனிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.