கரடிக் காட்டுக்கு எந்த ரிவோல்வர்?

கேள்வி: என் தங்கையின் மகன் அலாஸ்காவில் நிரந்தர வதிவிட உரிமையுடன் வேலை செய்கிறான். விடுமுறை நாட்களில் மான் வேட்டைக்கும், ஆற்றோரங்களில் சால்மன் மீன் பிடிக்கவும் போய்வருகிறான். இடுப்பில் ஒரு ரிவோல்வர் இருக்கவேண்டும் என்கிறான்; .357 மெக்னம் நல்லதா, .44 மெக்னம் நல்லதா என்று என்னிடம் கேட்கிறான். எனக்குத் தெரிந்தது அப்பாவின் 12 போர் துவக்கு மட்டுமே. மருமகனுக்கு என்ன சொல்லட்டும்?
– வாசகர், வெல்லாவெளி

பதில்: முதலில் அவர் அந்த ரிவோல்வரால் என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். மானைச் சுடுவது ஒரு வேலை. பாய்ந்து வரும் கரடியிடமிருந்து உயிர் தப்புவது இன்னொரு வேலை. அலாஸ்காவின் கோடியாக் தீவில் இரண்டு விலங்குகளும் ஒரே காட்டில் இருப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. அங்குள்ள சிட்கா மானில் வளர்ந்த கிடா ஏறத்தாழ 55 கிலோ எடைதான் இருக்கும். ஆனால், அந்த மானை வீழ்த்தி உரித்துக்கொண்டிருக்கும்போது இரத்த வாடைக்கு வந்து நிற்கும் பழுப்புக் கரடி 600 கிலோவையும் தாண்டக்கூடியது. நமது கல்லோயாக் காட்டுக் கரடியை மனதில் வைத்து அதை அளக்கக் கூடாது.

மானுக்கு ரிவோல்வர் கட்டாயம் தேவை என்று நான் நினைக்கவில்லை. ஒரு கணக்கைப் பாருங்கள் (.38, .357, .44 என்பவை சன்னத்தின் விட்டத்தை ஏறத்தாழ அங்குலத்தில் குறிக்கும் எண்கள்; இதைத்தான் கலிபர் என்பார்கள்). .38 ஸ்பெஷல் ரவையின் முனையிலிருந்து பறக்கும் சன்னம் சுமார் 10 கிராம் எடையுடன் செக்கனுக்கு 230 மீற்றர் வேகத்தில் புறப்படுகிறது. அதன் சக்தி, ஜூல் என்ற அலகில், 270 அளவில் வரும். அதே எடைச் சன்னத்தை .357 மெக்னம் 375 மீற்றர் வேகத்தில் தள்ளுவதால் சக்தி 700 ஜூலாக உயர்கிறது. .44 மெக்னம் 15.5 கிராம் சன்னத்தை 410 மீற்றர் வேகத்தில் அனுப்பி 1,300 ஜூலை எட்டுகிறது. உங்கள் அப்பாவின் 12 போர் துவக்கில் 28 கிராம் ஒற்றைச் சன்னத்தை இட்டுச் சுட்டால் கிடைப்பது 3,000 ஜூலுக்கும் மேல். தோளில் அணைத்துச் சுடும் துவக்குக்குப் பக்கத்தில் இந்த ரிவோல்வர்கள் எல்லாம் இளையவைதான். ஆகவே மானுக்கு ரைபிளைக் கொண்டுபோகட்டும். ரிவோல்வர் துணைக்கு இருக்கட்டும். ரிவோல்வராலேயே மான் வேட்டையாட ஆசைப்பட்டால் .357 போதும், ஆனால் 50 மீற்றருக்குள், அதுவும் நின்றுகொண்டிருக்கும் மானை மட்டும்.

கரடிக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. பழுப்புக் கரடி மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். முப்பது மீற்றருக்கு அப்பால் புதரை விட்டு வெளிப்பட்டால் அது உங்கள் மருமகனை வந்தடைய இரண்டு செக்கன் போதும். அந்த நேரத்துக்குள் உறையிலிருந்து எடுத்து ஒன்றோ இரண்டோ தடவை சுடலாம். அந்தச் சன்னம் மயிர், கொழுப்பு, தசை, எலும்பு அத்தனையையும் துளைத்து உள்ளே போகவேண்டும். மானுக்கு ஏற்றது உடலுக்குள் விரிந்து காயத்தைப் பெரிதாக்கும் குழிமுனைச் சன்னம். கரடிக்கு வேண்டியது விரியாமல் ஆழத் துளைக்கும், தட்டை முனையுள்ள, கடினமாக வார்த்த ஈயச் சன்னம். கலிபரைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள்கூட இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், மான் ரவையை நிரப்பிக்கொண்டு கரடிக் காட்டுக்குள் நுழைகிறார்கள்.

என் முடிவு: நான்கு அங்குலக் குழலுள்ள, ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள துருப்பிடிக்கா எஃகு .44 மெக்னம் ஒன்றை அவர் வாங்கலாம். 1955இல் வந்த இந்த ரவையின் உதைப்பு ஆரம்பத்தில் கையை மிரள வைக்கும். அதற்கும் வழி உண்டு. 1907இலேயே வந்த, மென்மையான .44 ஸ்பெஷல் ரவையும், ரவைகளை நிரப்பும் சுழல் உருளையான அதே சிலிண்டரில் பொருந்தும். அதில் பழகி, கை படிந்த பின் மெக்னத்துக்கு ஏறலாம். பல மாதம் பழகியும் இரண்டாவது ரவையைக் குறியில் போட முடியவில்லை என்றால் கூச்சப்படாமல் .357க்கு இறங்கி, அதில் 11 கிராமுக்கு மேற்பட்ட கடின வார்ப்புச் சன்னத்தைப் பாவிக்கட்டும். படுகின்ற .357, தவறுகின்ற .44ஐ விட மேல். 2003இல் வெளிவந்த .500 மெக்னம் வேண்டாம்: பெரிய வகை இரண்டு கிலோ எடை, சிலிண்டரில் ஐந்தே ரவைகள். அதைச் சுமக்கச் சலித்துக் கூடாரத்திலேயே விட்டுவிட்டுப் போவார்.

இன்னும் சில விடயங்கள். ஆற்றில் இறங்குபவர் மார்பு வரை நீர் புகாக் காற்சட்டை அணிவதால் இடுப்பு உறை பயன்படாது; மார்பில் குறுக்காகக் கட்டும் உறையே அங்கு வழக்கம். கரடியை விரட்டும் மிளகாய்ச் சாரத் தெளிப்பானையும் பையின் அடியில் திணிக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கவேண்டும். கரடியைத் தற்காப்புக்காகக் கொன்றால் அலாஸ்காவில் அரசுக்கு அறிவித்து, தோலையும் மண்டையோட்டையும் ஒப்படைக்கவேண்டும். அவர் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர் என்பது நல்லது; தற்காலிக வீசாவில் இருப்பவர் செல்லுபடியாகும் வேட்டை அனுமதிப்பத்திரம் போன்ற சில விதிவிலக்குகள் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கூட இருக்கும் நண்பர்களுக்கு இதை அவர் சொல்லி வைக்கட்டும்.

கேள்வி: ‘சிங்கிள் எக்ஷன்’, ‘டபுள் எக்ஷன்’ என்பவற்றில் காட்டுக்கு ஏற்றது எது? குழல் எவ்வளவு நீளம் இருக்கவேண்டும்?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: சிங்கிள் எக்ஷனில் ஒவ்வொரு ரவைக்கும் பெருவிரலால் குதிரையை (ரவையை அடித்து வெடிக்க வைக்கும் பின்புறச் சுத்தியலை) பின்னிழுத்த பிறகே விசையை அழுத்த முடியும். 1873இன் கோல்ட் ரிவோல்வர் இந்த வகையின் மூதாதை. 1955இல் வந்த ரூகர் பிளாக்ஹோக் அதன் வாரிசு. டபுள் எக்ஷனில் விசையை இழுத்தாலே குதிரை பின்வாங்கிச் சிலிண்டரும் சுழன்று ரவை வெடிக்கும். நிதானமாகக் குறிபார்க்கும் வேட்டைக்கு முன்னையது நன்று. அதன் வளைந்த பிடி உதைப்பின்போது உள்ளங்கையில் மேல்நோக்கி உருண்டு அதிர்ச்சியைக் குறைக்கும். கரடி பாயும்போது பெருவிரலைத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்பதால் தற்காப்புக்குப் பின்னையதே சரி. பழைய சிங்கிள் எக்ஷன்களில் குதிரையின் முனை ரவையின் மேலேயே தங்குவதால், கீழே விழுந்தால் வெடிக்கும். அதனால் சிலிண்டரின் ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பிக் குதிரையை வெற்று அறையின்மேல் வைப்பார்கள். ரூகர் நிறுவனம் 1973இல் குதிரைக்கும் வெடிமுனைக்கும் நடுவே இடைத்தகடு ஒன்றைப் புகுத்தி அந்தக் குறையைத் தீர்த்தது. பழைய துவக்கைக் கைமாறி வாங்குபவர் இதைக் கட்டாயம் கேட்டறியவேண்டும்.

குழல் நீளம், சுமப்பதற்கு நான்கு அங்குலம், வேட்டைக்கு ஆறு முதல் ஏழரை. எடை குறைவு என்று மயங்கி 700 கிராம் அளவிலான உலோகக் கலவை .44 ஒன்றை வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. அதன் உதைப்பு கையை வருத்துவதோடு நிற்பதில்லை. துவக்கு வெடுக்கென்று பின்னே பாயும்போது, சிலிண்டரில் காத்திருக்கும் மற்ற ரவைகளின் சன்னங்கள் அவற்றைப் பிடித்திருக்கும் உலோக உறையான கோதிலிருந்து சிறிது சிறிதாக முன்னே நழுவும். ஒன்று சிலிண்டரின் முகப்பைத் தாண்டி நீண்டாலும் துவக்கின் சட்டகத்தில் முட்டிச் சிலிண்டர் சுழலாது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் கையில் மிஞ்சுவது ஓர் இரும்புத் துண்டு. சுடும்போது சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலுள்ள நூலிழை இடைவெளிக்கு அருகில் விரலை வைக்கவும் கூடாது. அங்கிருந்து பக்கவாட்டில் பீறிடும் வாயு தோலைக் கிழித்துவிடும்.

கேள்வி: .357 துவக்கில் .38 ரவையைச் சுடலாமாமே? அப்படியானால் .38 துவக்கில் .357ஐயும் சுடலாமா?
– மாணவர், கல்லடி

பதில்: முதலாவது சரி, இரண்டாவது கூடாது. இரண்டு சன்னங்களின் விட்டமும் ஒன்றே. .357இன் கோதுதான் மூன்று மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமாக நீண்டிருக்கும்; .38 துவக்குக்குள் அது போகக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள், ஏனெனில் அதன் அமுக்கம் ஏறத்தாழ இருமடங்கு. .38 ரவைகளையே தொடர்ந்து சுட்டால் அறையின் முன்புறத்தில் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். பின்னர் நீளமான .357ஐ இட்டால் கோது அந்த வளையத்தில் இறுகிக்கொள்ளும்; ஒவ்வொரு தடவையும் வெண்கலத் தூரிகையால் தேய்த்துத் துடைத்துவிட்டால் தொல்லை இல்லை.

கேள்வி: ஐயா, எங்கள் வயலுக்கு இரவில் பன்றி வருகிறது, அறுவடைக் காலத்தில் யானையும் வருகிறது. வாடியில் காவல் இருக்கும்போது இடுப்பில் ஒரு ரிவோல்வர் இருந்தால் தைரியமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அனுமதி எடுக்க முடியுமா?
– விவசாயி, பட்டிப்பளை

பதில்: பயிர்க் காவலுக்கு நம் நாட்டில் கிடைப்பது சொட்கன் அனுமதிதான். 1916ஆம் ஆண்டின் துவக்குகள் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கச்சேரியில் விண்ணப்பித்து, கிராம அலுவலர், பிரதேச செயலாளர், பொலிஸார் ஆகியோரின் சிபாரிசுகளுடன் அதைப் பெறவேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கவும் வேண்டும். ரிவோல்வரும் பிஸ்டலும் பாதுகாப்பு அமைச்சின் கைக்குள் இருப்பவை. தற்காப்புக்கென்று வழங்கியவற்றையே 2024 இறுதியில் மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கும்படி அமைச்சு கேட்டிருந்த நிலையில், வயற்காவலுக்கு ஒன்று கிடைக்கும் என்று நம்பிப் பணத்தையும் காலத்தையும் செலவிடவேண்டாம்.

கிடைத்தாலும் அதனால் உங்களுக்குப் பயன் குறைவு. இருட்டில், ஒரு கையில் டோர்ச் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் குட்டைக் குழலை நீட்டி ஓடும் பன்றியைக் குறிபார்ப்பது தேர்ந்தவருக்கே கடினம். காயம்பட்ட பன்றி திரும்பி வரும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. யானைக்கு ரிவோல்வர் என்ற பேச்சே வேண்டாம். யானையின் மண்டை எலும்பு தேன்கூடுபோல அறை அறையாக அமைந்து, மூளையை ஆழத்தில் மறைத்து வைத்திருக்கிறது. நான் மேலே சொன்ன .44 ரவைகூட அதைக் கோபப்படுத்துவதற்குத்தான் உதவும். யானையைக் கொல்வதும் காயப்படுத்துவதும் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் கட்டளைச் சட்டப்படி பாரிய குற்றம். வனசீவராசிகள் திணைக்களம் கொடுக்கும் யானை வெடியும், ஒழுங்காகப் பராமரிக்கும் மின்வேலியும், தனியே காவல் இருக்காமல் அயல் வயற்காரரோடு சேர்ந்து இருப்பதுமே உங்களுக்கு உதவும். பன்றிக்கென்று கட்டுத்துவக்கு கட்டுகிறவர்கள் உங்கள் பக்கத்திலும் இருக்கலாம். அது சட்டவிரோதம் என்பது ஒருபுறமிருக்க, விறகுக்கும் மாடு தேடவும் போகும் மனிதர்களின் காலைத்தான் அது அடிக்கடி பறிக்கிறது.

கேள்வி: டொரொன்டோவில் இருக்கும் என் தம்பியும் வேட்டைக்கு ரிவோல்வர் வாங்கலாமா?
– வாசகி, கல்முனை

பதில்: முடியாது. கனடாவில் கைத்துப்பாக்கியால் வேட்டையாட அனுமதி இல்லை. காட்டில் தொழில் செய்யும் பொறிவேட்டைக்காரர் போன்ற சிலருக்கு மட்டுமே அதைச் சுமந்து செல்லும் உத்தரவு கிடைக்கும். 2022 ஒக்டோபர் 21 முதல் தனியாட்கள் அங்கு கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும், சில விதிவிலக்குகள் தவிர, நிறுத்தப்பட்டிருக்கிறது. தம்பி பாதுகாப்புப் பயிற்சியை முடித்து உரிமம் எடுத்து, வேட்டை ரைபிளோ சொட்கனோ வாங்கட்டும்.