அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஆற்றில் இறங்கி வாத்து வேட்டையாடலாம் என்கிறார்களே, கரையில் இருக்கும் தனியார் பண்ணைக்குள்ளும் போகலாமா?

போகக் கூடாது. ஆறுதான் பொது, கரைக்கு மேலே இருக்கும் நிலம் இல்லை. நான் இங்கே போஸ்மன் என்ற ஊர்ப் பக்கம் எட்டு வருடமாக இருக்கிறேன், அக்டோபர் வந்தால் வாத்து வேட்டைக்குப் போவேன். புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மாநிலத்தில் உள்ள தண்ணீர் மக்களின் பயன்பாட்டுக்காக மாநிலத்துக்குச் சொந்தம் என்று மொன்டானாவின் 1972 அரசியலமைப்பே சொல்கிறது. அதை வைத்துத்தான் டியர்பார்ன், பீவர்ஹெட் ஆறுகள் பற்றிய இரண்டு வழக்குகளில் 1984ல் மாநில உச்ச நீதிமன்றம், அடியில் உள்ள படுகை யார் பெயரில் இருந்தாலும் ஆற்றைப் பயன்படுத்த மக்களுக்கு உரிமை உண்டு என்றது, அடுத்த வருடமே சட்டமும் வந்துவிட்டது. பக்கத்து மாநிலமான வயோமிங்கில் படகில் மிதந்து போகலாம், ஆனால் தனியார் படுகையில் கால் ஊன்றினால் அத்துமீறல். அதனால் இங்கே கிடைத்திருப்பது சாதாரண உரிமை இல்லை, அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

சரி, எல்லை எது? தண்ணீர் வழக்கமாக ஏறி நின்று, செடி கொடி முளைக்காமல் மண்ணை அரித்து வைத்திருக்கும் கோடு. இலையுதிர் காலத்தில் ஆறு வற்றி, கூழாங்கல் திட்டு காய்ந்து கிடந்தாலும் அந்தக் கோட்டுக்குள் என்றால் நீங்கள் நிற்கலாம். புல்லும் புதரும் தொடங்கிவிட்டால் அது பண்ணைக்காரர் நிலம். எப்போதோ பெருவெள்ளம் வந்து போன சமவெளி கணக்கில் வராது. பொதுச் சாலைப் பாலத்தின் பக்கமாக ஆற்றில் இறங்கலாம், வயலைக் கடந்து வந்து இறங்கக் கூடாது. மான், எல்க் மாதிரி பெரிய விலங்குகளை ஆற்றுக்குள் நின்று சுடுவதற்கும் நில உரிமையாளரின் அனுமதி வேண்டும், இது பலருக்குத் தெரிவதில்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் வருடம் நான் சுட்ட வாத்து கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு எதிரே முப்பது அடியில் விழுந்தது. ஓடிப்போய் எடுத்துவிடலாம் என்றுதான் கை பரபரத்தது. ஆனால் விழுந்த பறவையை எடுக்கவும் அனுமதி வேண்டும், அங்கே அறிவிப்புப் பலகை இல்லை என்பதெல்லாம் வேட்டைக்காரனுக்குச் சாக்கு ஆகாது. துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்து வண்டியில் வைத்துவிட்டு, சாலை வழியாகச் சுற்றிப்போய்ப் பண்ணை வீட்டுக் கதவைத் தட்டினேன். பெரியவர் ஒருவர் வந்தார். கேட்காமல் நுழைகிறவர்கள் வேலிக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனதில் மாடுகள் சாலைக்கு வந்த கதையைக் கால் மணி நேரம் சொன்னார், அப்புறம் கூடவே நடந்து வந்து வாத்தை எடுத்துக் கொடுத்தார். இப்போது அவர் நிலத்திலேயே வேட்டையாட விடுகிறார்.

நீங்களும் அனுமதி கேட்பதென்றால் சீசன் தொடங்கும் காலையில் போகாதீர்கள். ஆகஸ்டிலேயே போங்கள், புல் அறுப்பு நடந்துகொண்டிருந்தால் சாயங்காலம் வரை பொறுத்துப் போங்கள்.