மார்கரெட், ரீட்டா, டெய்சி

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அப்பாவுக்கு மூன்று அக்காக்கள்: மார்கரெட், ரீட்டா, டெய்சி. மூத்தவர் சென்ற வருடம் காலமானார். போன மாதம் எனக்கு மகள் பிறந்தாள். மார்கரெட் என்றால் முத்து என்று படித்தேன். மகளுக்கு முத்து என்று வைத்தால் அது அத்தையின் பெயரை வைத்ததாகுமா? ஆகாது என்கிறாள் என் மனைவி.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் மனைவி சொல்வதே சரி என்றுதான் முதலில் எழுத உட்கார்ந்தேன்.

கிரேக்கத்தில் மார்கரீத்தேஸ் என்றால் முத்து. ஈரானிய மொழிகளிலிருந்து அங்கே போன சொல் என்கிறார்கள். பாரசீகத்தில் இன்றும் முத்துக்கு மொர்வாரீத் என்று பெயர், பெண்களுக்கும் அதை வைக்கிறார்கள். லத்தீன் விவிலியத்தில் பன்றிகள்முன் போடக்கூடாத முத்து 'மார்கரீட்டா'தான். ஆனால் பெயர் ஐரோப்பா முழுக்கப் பரவியது முத்துக்காக அல்ல, அந்தியோகியாவின் புனித மார்கரெட்டுக்காக. டிராகன் அவரை விழுங்கியதாம், அதன் வயிற்றைப் பிளந்துகொண்டு வெளியே வந்தாராம். அதனால் பிரசவ வலியில் பெண்கள் அவரை வேண்டிக்கொண்டார்கள். ஊர் ஊராகப் போனது பெயரின் ஒலிதான். முத்தை யார் நினைத்தார்கள்?

அந்த ஒலியையும் அவரவர் அழுத்திச் சொல்லும் இடம் பார்த்து நறுக்கிக்கொண்டார்கள். ஆங்கிலேயருக்கு அழுத்தம் முதலசையில், ஆகவே மெக், மேகி. மெக் பெக்காகி, பெகியும் வந்தது. ஜெர்மானியர் நடுவில் அழுத்தி மார்கரேட்டே என்பதால் கிரேட்டே. இத்தாலியில் மார்கரீட்டாவின் 'ரீ'யில் அழுத்தம், முன்பாதி உதிர்ந்து ரீட்டா. ஆக, உங்கள் இரண்டாவது அத்தையின் பெயர் மூத்தவர் பெயரின் வால். போலந்தில் இதுவே மவ்கொஜாட்டா, செல்லமாக கோஷா. அதற்குள் மார்கரெட்டைக் கண்டுபிடிக்கத் தனித் திறமை வேண்டும்.

டெய்சி அத்தையிடம் வந்தபோதுதான் என் வாதம் சறுக்கியது. பிரெஞ்சில் மார்கரீத் ஒரு பூவின் பெயரும்கூட. டெய்சி இனத்துப் பூ. அதை வைத்து ஆங்கிலம் பேசுகிறவர்கள் மார்கரெட்டைச் செல்லமாக டெய்சி என்றார்கள். 2024 ஜனவரியில் முடிதுறந்த டென்மார்க் அரசி இரண்டாம் மார்கரேத்தேவுக்கு வீட்டில் டெய்சி என்றே பெயர். அவருடைய அம்மாவைப் பெற்ற பாட்டி மார்கரெட்டுக்கும் அதேதான். அதாவது, பெயரின் பொருளை இன்னொரு மொழியில் சொல்லியும் அது அதே பெயராக நின்றிருக்கிறது.

பூவுக்குச் செல்லும் என்றால் முத்துக்கு மட்டும் ஏன் செல்லாது? தமிழில் முத்து ஆணுக்கும் வைக்கிற பெயர், அது ஒன்றுதான் இடிக்கிறது. முத்தழகி, முத்துச்செல்வி என்று ஏதாவது சேர்த்துக்கொள்ளுங்கள். தாராளமாக வைக்கலாம்.

அப்புறம், உங்கள் தாத்தா மூன்று பெண்களுக்கும் ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறார் என்பதை மற்ற இரண்டு அத்தைகளிடம் நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம்.