அறைக்குள் தனியாகப் பேசும் மகள்

கேள்வி: பட்டப்படிப்பு முடித்த என் மகள் வீட்டிலிருந்தே ஜெர்மன் படிக்கிறாள். புத்தகத்தைத் தொடுவதே இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாகப் பேசுகிறாள், சீரியல் பார்க்கிறாள், போனைக்கூட ஜெர்மனுக்கு மாற்றிவிட்டாள். கேட்டால் இதுதான் பயிற்சி என்கிறாள். இப்படியே போனால் பி1 என்னும் இடைநிலைத் தேர்வில் தேறுவாளா?

பதில்: தேறலாம் அம்மா. நீங்கள் குறையாகச் சொல்லும் அந்தத் தனிப்பேச்சுதான் அவருடைய பழக்கங்களிலேயே உருப்படியானது. ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோதே நிறுவனத்தின் பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் 100க்கு 60 எடுத்தாக வேண்டும். பேச்சுத் தேர்வின் ஒரு கட்டத்தில், ஒரு தலைப்பைப் பற்றித் தானே தொடர்ந்து பேசிக்காட்ட வேண்டும்.

ஆனால் அவர் என்ன பேசுகிறார் என்று கொஞ்சம் காது கொடுங்கள். ஹெட்போனில் கேட்பதை அதே ஏற்ற இறக்கத்தோடு கூடவே சொல்லிக்கொண்டு போகிறார் என்றால் அது ‘ஷேடோயிங்’. நாக்கு பழகும், வேகம் வரும். சொந்தமாக வாக்கியம் அமைக்க மட்டும் வராது. அதற்கு வேறொரு விளையாட்டு இருக்கிறது. அன்று பார்த்த சீரியலின் கதையை ஒரே நிமிடத்தில் ஜெர்மனில் சொல்லிப் போனில் பதிவு செய்யட்டும். எங்கே திக்கி நின்றாரோ, அந்த இடத்துக்குத் தேவையான சொல்லை மட்டும் அகராதியில் தேடிவிட்டு, அதே கதையை மறுபடி சொல்லட்டும். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்த சொல்லைவிட இப்படித் தேடிப்பிடித்த சொல் நினைவில் தங்கும். வில்லனைத் திட்டும் கட்டம் வந்தால் இன்னும் உற்சாகமாகவே பேசுவார்.

சீரியலும் வீண் இல்லை, சப்டைட்டிலும் ஜெர்மனிலேயே ஓடினால். ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்சே வெல்லே, தொடக்க நிலையான ஏ1 முதல் பி1 வரை ஒரு வீடியோ கதைத் தொடரை இலவசமாகவே தருகிறது. தொடங்க அது போதும். போனை ஜெர்மனுக்கு மாற்றியதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. சில நாளில் கண் எழுத்தை விட்டுவிட்டு ஐகானைப் பார்த்தே தட்டப் பழகிவிடும்.

தனியாகப் படிப்பவர்கள் தள்ளிப்போடுவது எழுத்தைத்தான். பி1 தேர்வில் மின்னஞ்சலும் எழுத வேண்டும், ஒரு விஷயத்தில் தன் கருத்தையும் எழுத வேண்டும். கதாநாயகிக்கு ஒரு கடிதம், அதற்கு அவள் எழுதும் காரசாரமான பதில் என்று இரண்டு பக்கமும் இவரே எழுதிப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: திருத்த ஆள் இல்லாவிட்டால் தப்பே பழக்கமாகிவிடும். அவ்வப்போது ஜெர்மன் தெரிந்த ஒருவரிடம் காட்டித்தான் ஆக வேண்டும்.

ஜப்பானிய மொழி படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் இடையில் ஒரு வார்த்தை. ஜேஎல்பிடி என்னும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. வாயே திறக்காமல் அதன் இரண்டாவது உயர்ந்த நிலையான என்2 வாங்கிவிடலாம். வேலைக்கான நேர்முகத்தில் அது செல்லாது. அங்கே இந்தத் தனிப்பேச்சு இன்னும் அவசியம்.

இன்று எத்தனை பக்கம் படித்தாய் என்று மகளிடம் கேட்காதீர்கள். இன்றைய பதிவைப் போடச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் எங்கே திக்குகிறார் என்பது தெரியும். கோதே இணையதளத்தில் மாதிரித் தேர்வுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தேர்வுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கடிகாரம் வைத்துச் செய்து பார்க்கட்டும். பி1 பகுதிகளைத் தனித்தனியாகவும் எழுதலாம் என்பதால், தயாரானதை முதலில் முடித்துவிட்டு, 60ஐத் தொடாத பகுதிக்கு இன்னும் கொஞ்ச காலம் எடுத்துக்கொள்ளலாம்.