காலண்டரில் வைத்த பென்சில் புள்ளி

கேள்வி: எனக்கு வயது 38. துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. தண்டையார்பேட்டையில் அம்மா, மனைவி, ஏழு வயது மகளுடன் வசிக்கிறேன். மாதத்தில் இருபது நாள் என் மனைவி தங்கமானவள். மாதவிலக்குக்கு முந்தைய ஒரு வாரம், பத்து நாள் மட்டும் அழுகை, தூக்கமின்மை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுதல். அடகில் இருக்கும் அவளுடைய செயினைப் பற்றிய சண்டையும் அப்போதுதான் வரும். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் நார்மல். ஒரு வருடமாக அந்த நாட்களைக் காலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்து, அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, இரவு ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். இவளைத் திருத்துவது எப்படி?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய பென்சில் புள்ளியைத்தான் நான் மூன்று முறை படித்தேன். சந்திராஷ்டமம் பார்த்து ஒதுங்குகிறவரைப் போல, மனைவியின் உடம்பு படும் பாட்டை நாள் குறித்து வைத்துக்கொண்டு, அந்த நாட்களில் வீட்டைவிட்டு வெளியேறியிருக்கிறீர்கள். புள்ளியின் பொருள் அம்மாவுக்குத் தெரியும். யாருடைய உடம்பைப் பற்றிய கணக்கோ அவருக்குத் தெரியாது. அவர் தூக்கமில்லாமல் தவிக்கிற இரவுகளில் ஏழு வயதுக் குழந்தையையும் அவர் பொறுப்பிலேயே விட்டுவிட்டுப் போகிறீர்களே, அது எந்த ஊர் நியாயம்? வீட்டில் ஒருவருக்கு முடியாத நாளில் மற்றவர் உடனிருப்பதற்குத்தான் குடும்பம் என்று பெயர். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

பரிசோதனை நார்மல் என்பதை அவருடைய திமிருக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கருமுட்டை வெளிப்பட்ட பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறி, கரு தங்காவிட்டால் மாதவிலக்கை ஒட்டி ஈஸ்ட்ரோஜனோடு சேர்ந்து இறங்குகிறது. இது எல்லாப் பெண்களுக்கும் நடப்பதுதான். ஆனால் புரோஜெஸ்டிரோனிலிருந்து உண்டாகும் அலோபிரெக்னனோலோன் என்ற பொருள், மூளையை அமைதிப்படுத்தும் காபா ஏற்பிகளில் வேலை செய்வது, சிலருக்கு மட்டும் அமைதிக்குப் பதிலாகப் பதற்றத்தையும் எரிச்சலையும் தருகிறது. மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனினும் இந்த ஏற்ற இறக்கத்தில் ஆட்டம் காண்கிறது. 1998இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள், சினைப்பையின் இயக்கத்தை மருந்தால் நிறுத்திவைத்து, பிறகு அதே ஹார்மோன்களை வெளியிலிருந்து கொடுத்துப் பார்த்தபோது, ஏற்கெனவே இத்தொல்லை உள்ள பெண்களுக்கு மட்டுமே மனநிலை குலைந்தது. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அளவு சரியாக இருந்தும் மூளை அதை ஏற்கும் விதம் வேறாக இருக்கிறது. ரத்தச் சீட்டில் இது எப்படித் தெரியும்?

இத்தொல்லையின் கடுமையான வடிவத்தை மருத்துவர்கள் பி.எம்.டி.டி. என்கிறார்கள், 2013இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு இதைத் தனி நோயாகவே சேர்த்திருக்கிறது. உங்கள் மனைவிக்கு இருப்பது அதுதானா என்று கடிதத்தை வைத்துக்கொண்டு நான் சொல்லக்கூடாது. அதைக் கண்டறிய மருத்துவர் கேட்பது, தொடர்ந்து இரண்டு மாதவிலக்குச் சுற்றுகளுக்கு நாள்தோறும் எழுதிய குறிப்பு. நீங்கள் ஒளிந்துகொள்வதற்காக வைத்த புள்ளியில் பாதி வேலை நடந்திருக்கிறது. மீதிப் பாதி நல்ல நாட்களையும் எழுதுவது. தூக்கம், அழுகை, கோபம் எவ்வளவு என்று தினமும் எழுத வேண்டியவர் அவர்தான். ஆகவே காலண்டரைக் கழற்றி அவரிடம் கொடுத்து, ஒரு வருடமாகச் செய்ததைச் சொல்லுங்கள். கோபப்படுவார். புள்ளி இல்லாத நாளாகப் பார்த்துச் சொன்னாலும் கோபப்படுவார், அது நியாயமான கோபம்.

அந்தச் செயின் விஷயத்துக்கு வருகிறேன். அடகு வைத்த நகையைப் பற்றிப் புள்ளி வைத்த நாளில் கேட்டார் என்பதால் கேள்வி ஹார்மோன் ஆகிவிடாது. மற்ற இருபது நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தவரைத்தான் 'தங்கமானவள்' என்று எழுதியிருக்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். வட்டி கட்டிய ரசீதை எடுத்து, எப்போது மீட்கப் போகிறீர்கள் என்று தேதி சொல்லுங்கள். மாத்திரையால் தீராத பங்கும் இதில் உண்டு, அது உங்களுடையது.

உங்கள் அம்மாவிடமும், இனி மருமகளின் நாட்களை எண்ண வேண்டாம் என்று மகனாக நீங்களே சொல்லிவிடுங்கள்.

இதற்குச் சிகிச்சை இருக்கிறது. செரட்டோனினைச் சீராக்கும் மருந்துகளைச் சிலருக்கு மாதவிலக்குக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டுமே கொடுத்தும் பலன் கிடைக்கிறது. தைராய்டு, ரத்தசோகை போன்றவை காரணமா என்பதையும் மருத்துவர் பார்ப்பார். கடையில் கேட்டு வாங்கித் தராதீர்கள். வாழ்வதே வேண்டாம் என்பதுபோல அவர் ஒரு வார்த்தை சொன்னாலும் இரண்டு மாதக் குறிப்புக்குக் காத்திருக்காமல் உடனே அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவிலும் பேசலாம். மற்றபடி ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனையும் ஸ்டான்லியின் மனநலப் பிரிவும் உங்கள் வீட்டிலிருந்து தொலைவில் இல்லை. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அதற்காக ஒரு நாள் ஷிப்ட்டை மாற்றிக்கொள்ளுங்கள். அதை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன்.