முதல் கட்டப் புற்றுநோய் மருந்துச் சோதனை: கேள்வி பதில்

கே: டாக்டர், அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. ஃபேஸ் ஒன் ட்ரயலில் சேரச் சொல்கிறார்கள். குணமாகுமா?

ப: குணமாகும் என்று நம்பிச் சேர்க்காதீர்கள். புது மருந்தை உடம்பு எவ்வளவு டோஸ் வரை தாங்கும் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டத்தின் வேலை. வழக்கமான முறையில், முதலில் மூன்று பேருக்குக் குறைந்த டோஸ். யாருக்கும் கடுமையான பக்கவிளைவு இல்லையென்றால் அடுத்த மூவருக்குக் கூட்டுவார்கள். ஒருவருக்கு வந்தால் அதே டோஸில் இன்னும் மூவர். இருவருக்கு வந்தால் அதற்கு மேல் ஏற்றமாட்டார்கள். அப்பா எந்தப் படியில் சேர்கிறார், எத்தனை முறை ரத்தம் எடுப்பார்கள் என்று கேளுங்கள். முதல் நாளில் அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி என்று ஊசி குத்திக்கொண்டே இருப்பார்கள். மருந்துக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கே: ஆக, எலிக்குப் பதில் நோயாளி!

ப: கோபம் நியாயம்தான். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆதரவில் 1991 முதல் 2002 வரை நடந்த 460 முதல் கட்டச் சோதனைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கட்டி சுருங்கியவர்கள் 10.6 சதவீதம், மருந்தின் நச்சால் இறந்தவர்கள் 0.49 சதவீதம். இதையெல்லாம் சொல்லாமல் கையெழுத்து வாங்கினால் நீங்கள் சொல்வது சரி.

கே: பத்தில் ஒன்பது பேருக்குப் பலனில்லையே? (அதே நண்பர்)

ப: இல்லைதான். ஆனால் இமாடினிப் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்தைப் பாருங்கள். 1998 ஜூனில் அமெரிக்க மருத்துவர் பிரையன் ட்ரூக்கரின் குழு, அப்போதைய வழக்கமான மருந்தான இன்டர்ஃபெரான் பலிக்காத நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு 25 மி.கி.யில் தொடங்கியது. 300 மி.கி.யும் அதற்கு மேலும் எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்கள் இயல்புக்குத் திரும்பின. முதலில் வந்தவர்கள் சிறு டோஸை எடுத்துக் காட்டியதால்தான் அங்கே ஏற முடிந்தது. எல்லா மருந்தும் இமாடினிப் ஆகாது. யாருக்காக எடுக்கிறோம் என்று தெரிந்து எடுப்பவரை எலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கே: எவ்வளவு செலவாகும் சார்?

ப: மேலேயே சொன்னேன். சோதனை மருந்துக்குக் காசு கிடையாது. சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் இந்தியாவின் 2019 மருந்துச் சோதனை விதிகளிலேயே உண்டு. பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கே: கூடவே சித்த மருந்து சாப்பிடலாமா?

ப: சொல்லாமல் சாப்பிடாதீர்கள். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் என்சைம் ரத்தத்தில் ஏறினால் எது காரணமென்று தெரியாமல் புது மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

கே: மாமாவுக்குக் குடல் புற்றுநோய். நெக்ஸ்கார்19 கிடைக்குமா?

ப: அது நோயாளியின் சொந்த நோயெதிர்ப்பு அணுக்களை மாற்றித் திரும்பச் செலுத்தும் சிகிச்சை; சில வகை ரத்த, நிணநீர்ப் புற்றுநோய்க்குத்தான். மாமாவின் மருத்துவரிடமே கேளுங்கள்.

கே: சிகிச்சைக்கு எவ்வளவு கட்ட வேண்டும்?

ப: மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

கே: கையெழுத்துப் போட்டபின் விலகலாமா?

ப: எந்த நாளும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பேசாமல் வீட்டில் இருந்துவிடாதீர்கள். கடைசி ரத்தப் பரிசோதனைக்குப் போய்வாருங்கள். அது உங்கள் பாதுகாப்புக்கு.