நாற்பது கமாண்டுக்கு ஒரே பட்டியல்: ஆட்டோலிஸ்ப்பில் ஓடும்போதே ஃபங்ஷன் உருவாக்க

கேள்வி: சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் ஒரு எம் அண்ட் இ (இயந்திர, மின் பணிகள்) நிறுவனத்தில் டிராஃப்ட்ஸ்மேனாக இருக்கிறேன். ஆட்டோகேடில் லேயர் மாற்ற டி1, டி2 என்று நாற்பது கமாண்டுக்கும் ஆட்டோகேடுக்குள் ஓடும் ஆட்டோலிஸ்ப் மொழியில் கையால் டெஃபன் (ஃபங்ஷனை வரையறுக்கும் வாக்கியம்) எழுதி வைத்திருக்கிறேன். ப்ராஜெக்ட் மாறினால் லேயர் பெயரும் மாறுகிறது, நாற்பதையும் திருத்த வேண்டியிருக்கிறது. பட்டியலிலிருந்து தானாக உருவாக்கலாம் என்று ஃபார்ஈச்சுக்குள் (பட்டியலின் ஒவ்வொன்றுக்கும் ஓடும் சுற்று) லாம்டா (பெயரில்லாத ஃபங்ஷன்) போட்டேன். பிழையில்லாமல் லோட் ஆகிறது. ஆனால் டி1 அடித்தால் க்ளேயருக்கு (நடப்பு லேயரைக் குறிக்கும் ஆட்டோகேட் மாறி) நில், அதாவது வெற்று மதிப்பு, கொடுத்ததாகச் சொல்லி ஆட்டோகேட் மறுக்கிறது. எங்கே தவறு?

பதில்: உங்கள் யோசனை சரி. ஸ்கீம், காமன் லிஸ்ப் போன்ற மற்ற லிஸ்ப் மொழிகளில் லாம்டா தன்னைச் சுற்றியிருக்கும் மாறியின் மதிப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆட்டோலிஸ்ப் அப்படியில்லை. 1986-இல் ஆட்டோகேட் 2.18-உடன் வந்த மொழி அது. மாறியின் மதிப்பை ஃபங்ஷன் ஓடும் நேரத்தில்தான் தேடும். உங்கள் லாம்டாவுக்குள் இருப்பது ஃபார்ஈச் மாறியின் பெயர் மட்டும்; அதை 'எக்ஸ்' என்று வைத்துக்கொள்வோம். ஃபார்ஈச் முடிந்ததும் எக்ஸ் பழையபடி நில் ஆகிவிடும். பிறகு நீங்கள் டி1 அடித்தாலும் டி40 அடித்தாலும் கையில் கிடைப்பது அந்த நில்தான்.

ஆகவே பெயரை விட்டுவிட்டு மதிப்பையே ஃபங்ஷனுக்குள் எழுதிவிட வேண்டும். லிஸ்ப்பில் நிரலே ஒரு லிஸ்ட் என்பதால் இது சுலபம். கீழே உச்சரிப்பைத் தமிழில் தருகிறேன், அடிக்கும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடியுங்கள். இதில் கார் ஜோடியின் முதல் பகுதியையும் சிடிஆர் இரண்டாவதையும் எடுக்கும், ஸ்ட்ர்கேட் சொற்களை ஒட்டும், ரீட் அந்த ஸ்ட்ரிங்கைப் பெயராக மாற்றும், செட்வார் ஆட்டோகேட் மாறிக்கு மதிப்பு கொடுக்கும், இவால் கட்டிய லிஸ்ட்டை நிரலாக ஓட்டும். 'சி:' என்ற முன்னொட்டு ஃபங்ஷனைக் கமாண்டாக்கும், கடைசியில் வரும் பிரின்க் திரையில் மதிப்பு எதுவும் காட்டாமல் முடிக்கும்.

(ஃபார்ஈச் எக்ஸ் '(("டி1" . "எம்-டக்ட்-சப்ளை") ("டி2" . "எம்-டக்ட்-ரிட்டர்ன்"))
  (இவால்
    (லிஸ்ட் 'டெஃபன் (ரீட் (ஸ்ட்ர்கேட் "சி:" (கார் எக்ஸ்))) '()
      (லிஸ்ட் 'செட்வார் "க்ளேயர்" (சிடிஆர் எக்ஸ்))
      '(பிரின்க்))))

ஒற்றை மேற்கோள் போட்டவை அப்படியே நிற்கும். போடாதவை அந்தச் சுற்றிலேயே கணக்கிடப்பட்டு மதிப்பாக உள்ளே போகும். டெஃபன் தனக்குக் கொடுத்த பெயரைக் கணக்கிடாது, எழுதியபடியே எடுத்துக்கொள்ளும். அதனால் நேரடியாக டெஃபனுக்குள் ரீட் வைத்தால் வேலைக்கு ஆகாது. முழு டெஃபன் வாக்கியத்தையும் லிஸ்ட்டாகக் கட்டி முடித்து, அப்புறம் இவாலிடம் கொடுப்பது அதற்காகத்தான். இவாலைத் தொடவே கூடாது என்று சிலர் சொல்வார்கள். மற்ற லிஸ்ப்களில் அது பெரும்பாலும் நல்ல அறிவுரை. ஆனால் மேக்ரோவும் (நிரலை எழுதும் நிரல்) க்ளோஷரும் (மாறியைப் பிடித்து வைக்கும் ஃபங்ஷன்) இல்லாத ஆட்டோலிஸ்ப்பில் இந்த வேலைக்கு இதுதான் நேர்வழி என்பது என் கருத்து.

ஓட்டுவதற்கு முன் இவால் இருக்கும் இடத்தில் பிரின்ட் போட்டுப் பாருங்கள். திரையில் (டெஃபன் சி:டி1 நில் (செட்வார் "க்ளேயர்" "எம்-டக்ட்-சப்ளை") (பிரின்க்)) என்று ஒவ்வொரு கமாண்டும் முழுதாக வரும். அங்கே எக்ஸ் என்ற எழுத்து எங்காவது மிச்சமிருந்தால், ஒரு மேற்கோள் இடம் மாறி விழுந்திருக்கிறது.

கமாண்ட் பெயரில் இடைவெளி வேண்டவே வேண்டாம். ரீட் முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். 'டக்ட் சப்ளை', 'டக்ட் ரிட்டர்ன்' என்று இரண்டு பெயர் கொடுத்தால் இரண்டுமே சி:டக்ட் ஆகும், பின்னது முன்னதை அழித்துவிடும். பட்டியலை எக்செலிலிருந்து எடுப்பவர்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். லேயர் பெயரில் இடைவெளி இருப்பதில் சிக்கல் இல்லை, அது வெறும் ஸ்ட்ரிங்தான்.

டிராயிங்கில் அந்த லேயர் இல்லையென்றால் செட்வார் மறுத்துவிடும். புது டிராயிங்கில் தொடங்குபவர் என்றால் செட்வாருக்குப் பதில் கமாண்ட் ஃபங்ஷன் வழியாக -லேயர் கமாண்டின் மேக் தேர்வைக் கூப்பிடுங்கள்; லேயர் இல்லாவிட்டால் உருவாக்கி, அதையே நடப்பு லேயராகவும் வைக்கும்.

லேயர் பெயருக்கு இங்கே சிபி 83 என்ற சிங்கப்பூர் தரநிலையே இருக்கிறது. உங்கள் பட்டியலை அதற்கு ஒட்டி அமைத்தால் ப்ராஜெக்ட் மாறும்போது திருத்த வேண்டியது குறையும்.

ஒவ்வொரு டிராயிங்குக்கும் லிஸ்ப் தனித்தனியாக ஓடுகிறது. ஒன்றில் லோட் செய்த கமாண்ட் பக்கத்து டிராயிங்கில் இருக்காது. ஆகவே இந்த நிரலை ஏகேட்டாக்.எல்எஸ்பி ஃபைலில் வையுங்கள், டிராயிங் திறக்கும்போதெல்லாம் தானே லோட் ஆகும். அலுவலகத்தில் யாராவது ஆட்டோகேட் எல்டி (ஆட்டோகேடின் சுருக்கப் பதிப்பு) வைத்திருந்தால் 2024 பதிப்போ அதற்குப் பிந்தியதோ வேண்டும். அதற்கு முன் எல்டியில் ஆட்டோலிஸ்ப் கிடையாது.